தொப்பி இறுக்குகிறதா? எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

இறுக்கமான தொப்பியைத் தளர்த்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஆவி, ஒரு ராத்திரி, கை நிறையப் பொறுமை. ஆனால் எந்தப் பக்கம் தளர்த்த வேண்டும் என்று தெரியாமல் ஆரம்பித்தால், இறுக்கிக்கொண்டிருந்த தொப்பி இன்னும் இறுக்கும், கூடவே கோணலாகவும் ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்த அந்த வாரம்தான் சிட்னியில் இருக்கும் மச்சான் கூப்பிட்டு, "மாப்ள, தொப்பி ஒண்ணு வாங்கிட்டு வர்றேன், தலை அளவு சொல்லுங்க" என்றார். டேப்பை எடுத்து வழவழ மண்டையைச் சுற்றினேன், 57 செ.மீ. வந்தது, சொல்லிவிட்டேன். தொப்பி வந்து சேர்ந்தபோது நாலு மாதம் ஆகியிருந்தது, முடியும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்து அடர்ந்திருந்தது. முயல் ரோமத்தில் செய்த நல்ல ஃபெல்ட் தொப்பி (ஃபெல்ட் என்றால் நெய்யாமல், ரோமத்தை அமுக்கி இறுக்கிச் செய்யும் துணி). தலையில் வைத்தால் நெற்றிப்பொட்டு இரண்டையும் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது மாதிரி இருந்தது. அவசரப்பட்டு ஆன்லைனில் மரத்தில் செய்த ஸ்ட்ரெச்சர் ஒன்றை (தொப்பிக்குள் வைத்துத் திருகினால் விரிந்து அதைத் தளர்த்தும் கட்டை) வாங்கி, திருகை முறுக்கி, இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் எடுத்துப் போட்டால் நெற்றிக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒரு விரலே போகிறது, பொட்டில் மட்டும் முன்னைவிட அதிகமாக இறுக்குகிறது.

காரணம் ரொம்ப எளிமையானது. அந்த மரக்கட்டை முன்னும் பின்னுமாக மட்டும்தான் விரியும். முட்டை வடிவ வளையத்தை நீளவாக்கில் இழுத்தால் பக்கங்கள் உள்ளே வரும். என் தலை உருண்டை. (பிறந்தபோது பாட்டி எண்ணெய் தேய்த்து உருட்டி உருட்டி அப்படி ஆக்கியதாக வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, தொப்பி விஷயத்தில் அந்தப் பெருமை உதவவில்லை.) அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தொப்பி செய்வது எது என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள். ஆனால் இந்த முதல் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் சோதனை

தையல்காரர் டேப்பை எடுங்கள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் புடைத்திருக்கும் இடத்தின் வழியாக ஒரு சுற்று. இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முடியை இப்போது எப்படி வைத்திருக்கிறீர்களோ அப்படியே அளங்கள், எண்ணெய் தேய்த்துப் படிய வாரிவிட்டு அளக்காதீர்கள். அடுத்து தொப்பிக்குள் நெற்றியில் படும் பட்டையின் ஓரமாக டேப்பை ஓட்டி அதையும் அளங்கள். வித்தியாசம் எவ்வளவு?

1 செ.மீ. வரை என்றால் வீட்டிலேயே சரியாகிவிடும். 1-க்கும் 2-க்கும் நடுவே என்றால் தொப்பியின் ரகத்தைப் பொறுத்தது. 2 செ.மீ. தாண்டினால் அந்தத் தொப்பியை வீட்டில் சின்னத் தலைக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒரு சென்டிமீட்டர் என்றதும் கொஞ்சம்தானே என்று தோன்றும், அல்லது ஐயோ அவ்வளவா என்று தோன்றும். சுற்றளவில் 1 செ.மீ. என்றால் தலையைச் சுற்றி ஒவ்வொரு இடத்திலும் கிடைப்பது சுமார் 1.6 மில்லிமீட்டர். இரண்டு ஏடிஎம் கார்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வரும் கனம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு கார்டு கனத்துக்குள்தான் தலைவலியும் சுகமும் இருக்கின்றன.

ஆன்லைனில் வாங்கிய தொப்பி என்றால் லேபிளையும் பாருங்கள். அமெரிக்க அளவு 7 1/4 என்றால் 58 செ.மீ. அதே 58-க்குப் பிரிட்டிஷ் அளவு 7 1/8. எட்டில் ஒரு பங்கு வித்தியாசம், அது சரியாக ஒரு அளவு. பல "இறுக்கத்" தொப்பிகள் உண்மையில் தப்பான அளவில் வந்து இறங்கியவை, திருப்பி அனுப்பும் நாள் முடியவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள். ஆவி காட்டிய தொப்பியைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

கடைசியாக, போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடமாடுங்கள். கழற்றிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். கோடு எங்கே விழுந்திருக்கிறது? அதுதான் உங்கள் அறிகுறி. இறுக்கமான தொப்பியால் தலைவலி வருவது உண்மை, ஆனால் அந்த வலி கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் பழியைத் தொப்பி மேல் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

பொட்டு வலிக்கிறது, ஆனால் நெற்றியில் இடைவெளி இருக்கிறது

என் கேஸ். உருண்டைத் தலை, நீளத் தொப்பி. இங்கே அளவு சரியாகவே இருக்கலாம், வடிவம்தான் ஒத்துப்போகவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தொடவே வேண்டாம்.

முதலில் தலையின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாரிசில் 19-ஆம் நூற்றாண்டில் இதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள், பார்க்க டைப்ரைட்டரைத் தலையில் கவிழ்த்தது மாதிரி இருக்கும். சுற்றிலும் உள்ள கட்டைகள் தலையில் போய் அழுந்த, மேலே ஒரு அட்டையில் தலையின் வடிவம் சின்னதாக ஊசிக்குத்துகளாக விழும். நமக்கு அது வேண்டாம். வயரிங் வேலையில் மிஞ்சிய தடித்த ஒற்றைக் கம்பி, உறையோடு, ஒரு முக்கால் மீட்டர் போதும். டேப் ஓடிய அதே பாதையில் தலையைச் சுற்றி வளைத்து, முனைகளை முறுக்கி, மெதுவாக மேலே தூக்கி எடுத்து, ஒரு செய்தித்தாள் மேல் வைத்து பென்சிலால் வரையுங்கள். நெற்றிப் பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் குழப்பம் வரும். இதே மாதிரி தொப்பியின் உள்வாயையும் வரைந்து இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எங்கே முட்டுகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

இனிமேல் கை வேலை. தொப்பியைக் கவிழ்த்து, காதுக்கு மேலே வரும் இரண்டு பக்கங்களிலும் மட்டும் உள்ளிருந்து ஆவி காட்டுங்கள் (எப்படி என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்). சூடு இறங்குவதற்குள், முன்னாலும் பின்னாலும் இரண்டு உள்ளங்கைகளை வைத்து மெல்ல அமுக்குங்கள், ஒரு பெரிய பூரிமாவு உருண்டையை அமுக்குகிற பலம் போதும். முன்-பின் குறைந்தால் பக்கங்கள் தானாக வெளியே போகும். அப்படியே பத்து எண்ணுங்கள். பிறகு சூடு தாங்கும் அளவுக்கு ஆறியதும் தலையில் போட்டு ஒரு கால் மணி நேரம் இருங்கள், ஆறிக் காய்கிறபோது அது தலையின் வடிவத்திலேயே நிற்கும். ஒரே தடவையில் சரியாகாது. எனக்கு நாலு தடவை பிடித்தது, அதில் இரண்டு தடவை ஸ்ட்ரெச்சரால் நானே செய்த கோளாறைத் திருத்துவதற்கு.

நெற்றியிலும் பின்மண்டையிலும் கோடு விழுகிறது, காதுக்கு மேல் காற்று ஓடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். நீளத் தலை, வட்டத் தொப்பி. ஸ்ட்ரெச்சர் உங்களுக்காகச் செய்ததுதான். முன்-பின்னாக வைத்து, திருகை முறுக்கி, கட்டை உள்பட்டையில் போய் முட்டியதும் அங்கிருந்து அரைச் சுற்று மட்டும் கூடுதலாக முறுக்குங்கள். காலையில் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு அரைச் சுற்று. பக்கங்கள் உள்ளே வருவது உங்களுக்கு இங்கே லாபம்தான்.

சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்குகிறது

இதுதான் உண்மையான அளவுப் பிரச்சினை. முதலில் தொப்பிக்குள் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலும் அது ஃபெல்ட் இல்லை.

நல்ல ஃபெல்ட் தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே சுற்றி ஓடும் தோல் பட்டை கீழ் ஓரத்தில் மட்டும்தான் தைத்திருக்கும், மேல் ஓரம் சும்மா நிற்கும். பின்பக்கம் பட்டை சேரும் இடத்தில் ஒரு குட்டி ரிப்பன் முடிச்சு இருக்கும், எது பின்பக்கம் என்று தெரியாமல் தொப்பியைத் திருப்பிப் போடுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தோல் பட்டையை விரலால் வெளியே மடித்து விடுங்கள், சட்டைக் காலரை வெளியே எடுத்து விடுகிற மாதிரி. இப்போது மூன்று விஷயம் தெரியும்: உள்ளே ஃபெல்ட், நடுவில் தோல், வெளியே கூட்டை, அதாவது தலையை மூடும் மேல்பகுதியை, சுற்றிய ரிப்பன். ஃபெல்ட் விரியும். தோல் ஈரத்தில் கொஞ்சம் விரியும். ரிப்பன் விரியவே விரியாது. எவ்வளவு தளர்த்தலாம் என்பதை முடிவு செய்வது அந்த ரிப்பனும் தோலின் தையலும்தான். ரிப்பனுக்கு அடியில் ஒரு தீக்குச்சி போகிறதா பாருங்கள், போனால் இடம் இருக்கிறது. நரம்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றால், ரிப்பன் தையலைப் பிரித்துவிட்டு, தொப்பியைத் தளர்த்தி, திரும்பத் தைக்க வேண்டியிருக்கும்.

சரி, ஆவி. ஃபெல்ட் என்பது ரோமம்தான், நம் தலைமுடி மாதிரியேதான் நடந்துகொள்ளும். ஈரத் தலையோடு படுத்து எழுந்தால் முடி ஒரு பக்கம் குத்திட்டு நிற்கிறதே, அதே கதைதான். ஈரமும் சூடும் பட்டால் இழைக்குள் இருக்கும் பிடிப்புகள் விடும், காய்கிறபோது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதனால் இந்த வேலையில் ஆவி காட்டுவது பாதிதான், மீதிப் பாதி விரிந்த நிலையிலேயே காய விடுவது.

எதில் ஆவி காட்டுவது? நான் முதலில் இட்லிப் பானையில் ஆரம்பித்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று, "ஏன் கண்ணு, தொப்பிக்கு ஆவி புடிக்கறயா, சளியா அதுக்கு?" என்றார். இட்லிப் பானை சரிவராது, வாய் அகலம், தொப்பி முழுக்க நனைந்து விளிம்பு தொங்கிவிடும். குக்கர் கூடவே கூடாது, விசில் தண்ணீரையும் சேர்த்துத் துப்பும், கையும் வெந்துவிடும். மூக்கு உள்ள கெட்டில்தான் சரி, கரண்ட் கெட்டில் என்றால் மூடியைத் திறந்து வைத்தால்தான் அணையாமல் தொடர்ந்து கொதிக்கும், அதுவும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமர் வீட்டில் இருந்தால் எல்லாவற்றையும்விட அதுதான் நல்லது.

தோல் பட்டையை வெளியே மடித்து, தொப்பியின் உள்பக்கத்தை ஆவிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். முழுச் சுற்றுக்கு முப்பது நாற்பது நொடி. விரலால் தொட்டால் ஃபெல்ட் வெதுவெதுப்பாக, லேசாக ஈரமாக, கொஞ்சம் இளகியிருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தோலுக்கு நேராக ஆவி காட்டாதீர்கள், கொதிக்கிற ஆவி பட்டால் தோல் சுருண்டு காய்ந்த வாழைமட்டை மாதிரி ஆகிவிடும், அதற்கு மருந்து கிடையாது. தோலுக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். பட்டையை உள்ளே மடித்து விட்டு, உடனே ஸ்ட்ரெச்சரை வையுங்கள், முட்டியதும் அரைச் சுற்று, ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

ஸ்ட்ரெச்சர் இல்லையா? தலையே ஸ்ட்ரெச்சர். ஆவி காட்டி, சூடு தாங்கும் அளவுக்கு ஆறியதும் போட்டுக்கொண்டு, காயும் வரை கழற்றாமல் இருங்கள். ஒரு மணி நேரமாவது ஆகும். நடுவில் கூரியர் வந்து கதவைத் தட்டினால் வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள் என்று பார்ப்பார், பார்க்கட்டும். கால் சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் குறை என்றால் பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

பந்து, சில்வர் டப்பா, குடம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஃபெல்ட் தொப்பிக்கு வட்டமான எதையும் திணிக்காதீர்கள், தலை முட்டை வடிவம். அதிலும் கால்பந்து 68 முதல் 70 செ.மீ. சுற்றளவு, அதை 57 தொப்பிக்குள் அமுக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. விலை குறைந்த கம்பளி ஃபெல்ட் தொப்பிகளை விறைப்பாக நிற்க வைக்கப் பசை போட்டிருப்பார்கள். ஆவி பட்டதும் அந்தப் பசை இளகி, தொப்பி ஊறவைத்த அப்பளம் மாதிரி தொய்யும். பயப்படாதீர்கள், காய்ந்தால் பெரும்பாலும் திரும்ப நிற்கும், ஆனால் அந்த நேரத்தில் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் அங்கேயே வளைந்துவிடும். கூட்டைப் பிடியுங்கள்.

போன மாதம் வரை சரியாக இருந்தது, இப்போது ஏறவே மாட்டேன் என்கிறது

முதல் கேள்வி, முடி வளர்த்தீர்களா? இரண்டாவது, காரில் விட்டீர்களா? சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் பின் கண்ணாடிக்குக் கீழே தொப்பியை வைத்தவர்கள் எல்லாரும் இந்த அனுபவம் பெற்றவர்கள். தோல் பட்டை வெந்து சுருங்கி, கூடவே ஃபெல்ட்டையும் இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மழையில் நனைந்ததா, நனைந்ததை எப்படிக் காய வைத்தீர்கள்? ஃபெல்ட் தொப்பி பிறப்பதே சுருங்கித்தான். முதலில், முடிவில் வரப்போகும் தொப்பியைவிட மிகப் பெரிய ஒரு கூம்பாக ரோமத்தைப் படியவைத்து, சுடுதண்ணீரிலும் அமுக்கத்திலும் திரும்பத் திரும்பப் போட்டுச் சுருக்கிச் சுருக்கித்தான் அந்த இறுகிய துணியைக் கொண்டுவருகிறார்கள். ஈரத்தோடு சூட்டில் வைத்தால் அந்தப் பழைய வேலையை அது தொடரும். அடுப்படியிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தவர்கள் தாங்களே அதற்கு உதவியவர்கள்.

சுருங்கிய தொப்பியை மீட்பது புதிய தொப்பியைத் தளர்த்துவதைவிடச் சுலபம், அது ஏற்கனவே இருந்த அளவுக்குத்தானே திரும்ப வேண்டும். மேலே சொன்ன அதே ஆவி, அதே ஸ்ட்ரெச்சர், ஆனால் தோல் பட்டையை முதலில் கவனியுங்கள். மடித்துப் பார்த்தால் கோடு கோடாக வெடிப்பு தெரிகிறதா? அப்படியானால் இழுக்காதீர்கள், தையல் ஓட்டை வழியாக அப்படியே கிழியும். தோலுக்கு உரிய கண்டிஷனர் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டு, பிறகு அரை அரைச் சுற்றாகப் போங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். தோல் இளகும், உண்மைதான், ஆனால் எண்ணெய் ஃபெல்ட்டுக்கு ஊறி வெளிப்பக்கம் ரிப்பனுக்குக் கீழே கறுப்பாக ஒரு கறை ஏறும், அது போகவே போகாது. தலைக்கு எண்ணெய் வைத்துத் தொப்பி போடுகிறவர்களுக்கும் இதே கதிதான், அதனால்தான் தோப்பில் வேலை செய்யும் ஆட்கள் முதலில் துண்டைக் கட்டி அதன் மேல் தொப்பி வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அல்லது வியர்வைக்காக இருக்கலாம்.

தளர்த்தினேன், மறுநாளே பழையபடி ஆகிவிட்டது

முழுக்கக் காயும் முன்பு எடுத்துவிட்டீர்கள். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், தோலுக்குப் பின்னால் ஈரம் இருக்கும். பட்டையை மடித்து உள்ளங்கையின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதாது, இரண்டு ராத்திரி விடுங்கள். இன்னொரு காரணம், சில தொப்பிகளின் உள்பட்டைக்குள் எலாஸ்டிக் இருக்கும். அதை நாள் கணக்கில் இழுத்து வைத்தாலும் திரும்பச் சுருங்கும், அதன் குணம் அது. பின்பக்கம் ஒரு அங்குல நீளத்துக்குத் தையலைப் பிரித்து எலாஸ்டிக்கை வெட்டிவிட்டால் தீர்ந்தது.

ஓலை, பனாமா, வைக்கோல் தொப்பி

இங்கே ஆவியைக் குறைத்து, ஈரத்தை நம்புங்கள். பனாமா தொப்பி என்று பெயரே தவிர, பின்னுவது ஈக்வடாரில், தொக்கியா என்ற செடியின் நாரில். அந்தப் பின்னலை 2012-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நார் காய்ந்தால் முறியும். ஏசி அறையில் மாதக்கணக்கில் கிடந்த தொப்பியை எடுத்து நேராக ஸ்ட்ரெச்சரில் வைத்தால், சடக் என்ற சத்தம் உங்கள் காதிலேயே விழும். சுத்தமான ஈரத்துணியால் உள்பக்கமாக ஒத்தி, அரை மணி நேரம் ஊற விட்டு, திருகைக் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். மறுநாள் இன்னொரு கால் சுற்று. அரை சென்டிமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்பட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்மூர் பனை ஓலைத் தொப்பிக்கும் இதே விதிதான். ஓலையை நனைத்துப் பதமாக்கித்தான் முடைகிறார்கள், அதனால் திரும்ப நனைத்தால் திரும்ப இளகும். ஈரத்தோடு தலையில் போட்டுக் காயவிட்டால் போதும்.

ஆனால் லேபிளில் பேப்பர் என்று இருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். கடற்கரைக் கடைகளில் தொங்கும் வைக்கோல் நிறத் தொப்பிகளில் நிறைய, முறுக்கிய காகிதத்தில் பின்னியவை. அவற்றில் உள்பட்டைத் துணியின் தையலைப் பின்னால் நாலைந்து இடத்தில் பிரித்து விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை எனக்கு.

கேப் இறுக்குகிறது

பின்னால் பிளாஸ்டிக் பட்டன் வைத்த கேப் என்றால் அடுத்த ஓட்டைக்கு மாற்றுங்கள், இதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. பின்பக்கம் மூடிய, அளவு பார்த்து வாங்கும் கேப்பில்தான் சிக்கல். பருத்தி, கம்பளி என்றால் உள்பட்டையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் போட்டுக் காய விடுங்கள். பாலியஸ்டர் என்றால் ஈரம் மட்டும் போதாது, சூடும் வேண்டும், அப்போதும் கொஞ்சமாகத்தான் விடும். முழு கேப்பையும் வாளியில் முக்காதீர்கள். முன்பக்கம் நிமிர்ந்து நிற்க உள்ளே விறைப்புத் துணி இருக்கும், அது தொய்ந்துவிடும், பழைய கேப் என்றால் முன் மூக்குக்குள் அட்டையே இருக்கலாம், ஊறிப்போகும்.

உச்சியில் இருக்கும் பொத்தான் மண்டையில் குத்துகிறது என்றால் அது இறுக்கமே இல்லை, ஆழம் போதவில்லை. எவ்வளவு இழுத்தாலும் ஆழம் கூடாது. வேறு கேப் பாருங்கள்.

பின்னல் குல்லா, என்.சி.சி. பெரே

ஊட்டி, கொடைக்கானலில் வாங்கும் கம்பளிக் குல்லாவை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு அழுகிறவர்கள் பலர். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு ரெண்டு சொட்டு விட்டு அரை மணி ஊற வைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டித் தண்ணீரை எடுத்து, மெல்ல இழுத்து ஒரு ஹேண்ட்பால் மேல் மாட்டிக் காய வையுங்கள். ஆண்கள் ஆட்டத்துக்கான ஹேண்ட்பால் 58 முதல் 60 செ.மீ., பள்ளிக்கூடத்தில் பி.டி. சாரிடம் கேட்டால் கிடைக்கும். பின்னலுக்கு வட்டம் பரவாயில்லை, அது தலையின் வடிவத்துக்குத் தானே வந்துவிடும்.

பெரே தொப்பி, அதாவது பரேடில் ஒரு பக்கம் சாய்த்துப் போடும் தட்டைத் தொப்பி, புதிதாகக் கிடைத்தால் எல்லாருக்கும் தோசைக்கல்லைத் தலையில் வைத்த மாதிரிதான் இருக்கும். பின்னால் தோல் விளிம்புக்குள் ஓடும் நாடாவைத் தளர்த்தி விட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் போட்டு, பேட்ஜ் இடது கண்ணுக்கு மேல் வருகிற மாதிரி வைத்து, மீதித் துணியை வலது காதுப் பக்கம் இழுத்து அமுக்கிக்கொண்டு காயும் வரை உட்கார்ந்திருங்கள். பரேடுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் அறை முழுக்க ஈரத் தொப்பியோடு பையன்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இழுத்து இழுத்து இப்போது லூசாகிவிட்டது

கவலை இல்லை, இறுக்கத்தைவிட இது நல்ல நோய். தோல் பட்டையை மடித்து அதன் பின்னால், முன்நெற்றிப் பக்கமும் பின்பக்கமும் மட்டும், செய்தித்தாளை ஒரு விரல் அகலத்துக்கு மடித்துச் செருகுங்கள். எத்தனை மடிப்பு என்று பார்த்துப் பார்த்துக் கூட்டலாம். காகிதம் வியர்வையையும் குடித்துக்கொள்ளும், மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும். அளவு சரிதான் என்று உறுதியானதும் ஒட்டும் ஃபோம் பட்டை வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஃபோம் ஒட்டினால், பிய்க்கிறபோது தோலும் சேர்ந்து வரும்.

விளிம்பு அலை அலையாக ஆகியிருந்தால், மேஜையின் ஓரத்தில் விளிம்பைப் படுக்க வைத்து, மேலே ஈரமான வெள்ளைத் துணி போட்டு, மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸை வைத்து வைத்து எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஃபெல்ட் பளபளத்துவிடும்.

ஹெல்மெட் இறுக்குகிறது

இதில் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஆவி கூடாது, ஸ்ட்ரெச்சர் கூடாது, உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் மாதிரியானதைக் கரண்டியால் அழுத்திக் குழி பண்ணுவது கூடவே கூடாது. அடிபடும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் அது இருக்கிறது, நீங்கள் முன்கூட்டியே நசுக்கிவிட்டால் விழுகிற அன்றைக்கு அந்த இடத்தில் தாங்க ஒன்றும் இருக்காது. புது ஹெல்மெட் கன்னத்தில் இறுக்குவது சாதாரணம், ஸ்பாஞ்ச் சில வாரங்களில் படிந்துவிடும். சில மாடல்களில் கன்னப் பட்டையைக் கழற்றி மெல்லியதாக மாற்றலாம். நெற்றியிலோ பொட்டிலோ வலித்தால் அளவோ வடிவமோ தப்பு. கடையிலேயே பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள வேறொன்றை எடுங்கள். என் உருண்டைத் தலைக்கு ஐந்தாவது ஹெல்மெட்தான் பொருந்தியது, கடைக்காரத் தம்பி நாலாவதிலேயே பொறுமை இழந்து டீ குடிக்கப் போய்விட்டான்.